உள்ளே, வெளியே, கோட்டின் மேல்

காலை நடையில் என்னோடு சேர்ந்து மூச்சு வாங்குகிற கூட்டாளிகளே, போன வாரம் சாயாக்கடையில் வைத்து நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. மறந்திருப்பீர்கள். நம் வயது அப்படி. ஆகவே முதலில் கேள்வியை நினைவுபடுத்துகிறேன்.

பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தான். ஒரே கோடு. ஆட்டுக்குடலை வாழையிலையில் கொட்டிப் பரப்பிய மாதிரி வளைந்து நெளிந்து, எங்கெங்கோ போய், தொடங்கின இடத்திலேயே வந்து சேர்கிற கோடு. அதன் நடுவில் எங்கோ ஒரு கறுத்த புள்ளி. புள்ளி கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கேள்வி. நம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பேனாவைத் திறந்து, புள்ளியில் இருந்து வழி தேடிப் புறப்பட்டார். தெரியாத ஊரில் சந்து சந்தாக நுழைகிற ஆட்டோக்காரன் மாதிரி போனார், முட்டினார், திரும்பினார். அவருடைய சாயாவில் ஆடை படர்ந்துவிட்டது. எதிர்ப் பக்கத்தில் இருந்து, பத்திரிகை தலைகீழாகத் தெரிய, நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெளிய" என்றேன்.

விடையைப் புரட்டிப் பார்த்தீர்கள். வெளியேதான்.

"குருட்டாம்போக்குல அடிச்சுட்டாரு ஓய்" என்றார் நம் பேங்க்காரர்.

தலைமையாசிரியர் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "இல்ல, இது குருட்டாம்போக்கு இல்ல. எப்படி வேய் தெரிஞ்சுது?"

"சாயாவ குடியும். எழுதித் தாறேன்" என்றேன். நாக்கு இருக்கும்போது எதற்கு எழுத்து என்று நீங்கள் சிரித்தீர்கள். காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதைச் சொல்ல எனக்கு ஒரு நாளும் கூச்சம் இருந்ததில்லை. தக்கலையில் இருந்து சிதறால் மலையடிவாரம் வரை ரப்பர்த் தோட்டமும் வாழைத் தோட்டமும் எத்தனை உண்டோ, அதில் பாதிக்கு வேலி போட்டவன் நான். மயிலாடிப் பக்கத்தில் இருந்து கல்லுக்கால் இறக்கி முள்கம்பி இழுத்த காலம் முதல் இன்றைய வலைக்கம்பிக் காலம் வரை, நான் போட்ட வேலி ஒன்று சாய்ந்தது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு அந்த வேலியைத் திரும்பவும் போட்டுத் தருகிறேன், சும்மா. இதுவரை ஒருவரும் வரவில்லை. என் லாரியின் முகப்பில் என் படத்தைப் போட்டிருப்பதை நீங்கள் கேலி செய்வது எனக்குத் தெரியும். உங்களிடம் லாரி இல்லை, அதனால் கேலி செய்கிறீர்கள்.

வேலி என்பது என்ன? மூடிய வளைகோடு. அந்தச் சொல்லை நான் தெரிந்துகொண்டது ஐந்தாம் வகுப்பில், கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து மழை தொடங்கியிருந்த ஒரு மாதத்தில். அந்த ஒரு மாதத்துப் பாடத்தை வைத்துத்தான் இத்தனை காலம் சாப்பிடுகிறேன்.

எங்கள் கணக்கு சார் நெட்டையான மனிதர். மழை இல்லாத நாளிலும் குடை வைத்திருப்பார். வகுப்புக்குள் அவர் வந்தால் சாக்பீஸ் தூளும் மூக்குப்பொடியும் கலந்த ஒரு வாடை வரும். சன்னல் வழியாகப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகை வரும். இரண்டும் சேர்ந்தால் எங்களில் பாதிப் பேர் தும்முவோம். அந்தத் தும்மல் அடங்கும் வரை அவர் காத்திருப்பார்.

அன்றைக்குக் கரும்பலகையில் சாக்பீஸை வைத்து, எடுக்காமல் ஒரு இழுப்பு இழுத்தார். "ஏலே, கைய எடுக்காம வரைஞ்சா அது வளைகோடு. எப்படி வளைஞ்சாலும் செரி. நேராப் போனாலும் அதையும் வளைகோட்டுக்க கூட்டத்துலதான் சேப்பாவ."

கடைசி பெஞ்சில் ஒருவன் கேட்டான்: "வளையாததுக்கு எதுக்கு சார் வளைகோடுன்னு பேரு?"

"ஒனக்க அப்பனுக்குத் தலையில முடியில்ல. ஆனாலும் மாசம் ஒருக்க முடிவெட்டுத கடையில போய் இருக்காரா இல்லியா? அது மாதிரி இதுவும் இருக்கட்டும்."

பிறகு குடையைத் தூக்கி அதன் பிடியைக் காட்டினார். தொடங்கின இடத்தில் வந்து முடியவில்லை, ஆகவே திறந்த வளைகோடு. முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தியின் கையில் கிடந்த வளையலைக் காட்டினார். தொடங்கின இடமும் முடிந்த இடமும் ஒன்று, ஆகவே மூடிய வளைகோடு. பலகையில் 8 என்று எழுதினார். இதுவும் மூடியதுதான், ஆனால் நடுவில் தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது, அதனால் எளிய வளைகோடு இல்லை. தன்னை வெட்டாமல் போவதுதான் எளியது.

"நம்ம குளத்தங்கரை எதுல சேரும்?" என்றார்.

குளத்தில் தண்ணீர் நிற்கிறதே என்று நாங்கள் பாதிப் பேர், "மூடினது" என்று கத்தினோம். தையல்காரர் மகள் மட்டும் எழுந்து நின்றாள்.

"திறந்தது சார். கரை ரெண்டு பக்கமும் மேட்டுல போய் முட்டி நிக்கி. மேடு இல்லேன்னா தண்ணி ஓடிரும்."

சார் அவளுக்குத் தலையாட்டினார். எனக்கு வயிற்றெரிச்சல். அந்தத் தையல்காரர் மகள்தான் பிற்பாடு என் வீட்டுக்காரி ஆனாள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதை வாசித்துவிட்டு, ஒளித்து எழுதினேன் என்பாள்.

பாடத்தின் முடிவில் சார் ஒரு வட்டம் மாதிரி வரைந்து அதை விரலால் தட்டிச் சொன்னார்: "இப்பிடி மூடின எளிய கோடு ஒண்ணப் போட்டா உலகம் மூணாப் பிரியும். உள்ள, வெளிய, கோட்டுக்க மேல. நாலாவது எடம் கெடையாது." 

நாலாவது இடம் கிடையாது. எனக்கு அது பிடித்துப்போனது. எங்கள் வீட்டில் எதற்கும் இத்தனை உறுதியாக யாரும் பேசியதில்லை.

என்னைக் கூப்பிட்டு, மூடிய எளிய வளைகோடு ஒன்று வரைய விட்டார். நான் வட்டம் போடுவேனா? எங்கள் ஊரில் மண்ணால் கட்டிய கையாலை வேலிகள் போகிற மாதிரி, பலாமரத்தைச் சுற்றி, கிணற்றை விட்டு, பாறையை ஒட்டி, பலகை முழுக்க ஓட்டி, தொட்டுவிடாமல் கொண்டுவந்து முடித்தேன். சார் பார்த்தார். "கோழி கிண்டுன மாதிரி இருக்கு. ஒனக்குப் படிப்பு ஏறாதுடே" என்று அழித்துவிட்டார். கூட்டாளிகளே, அது மூடியது, எளியது, ஒரு இடத்திலும் தன்னை வெட்டவில்லை. அவர் கோட்டைப் பார்க்கவில்லை, அழுக்கைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். அன்றைக்கு அவசரம்.

அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு சேவல் நின்றது. அப்பாவுக்கு அதற்கு முன் விஷக்காய்ச்சல் வந்து, ஆளே மிஞ்சமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். பிழைத்தால் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஒரு சேவல் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். அப்பா பிழைத்தார், ஆனால் கயிற்றுக்கட்டிலை விட்டு இறங்க நாளானது. அம்மா சிவப்பும் கறுப்புமாக மினுங்குகிற ஒரு சேவல் குஞ்சை எடுத்து, காலில் வெள்ளைத் துணி கட்டி, இது கோயிலுக்கு உள்ளது என்று விட்டுவிட்டாள். சபையார் நாங்கள் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வோம், உங்களுக்குத் தெரியும்.

அன்றில் இருந்து அந்தச் சேவலுக்கு வந்த அதிகாரம் இருக்கிறதே! பாயில் நெல் உலர்த்தினால் நேராக வந்து நடுவில் நின்று தின்னும். மற்றக் கோழி வந்தால் அம்மாவின் கையில் இருக்கிற கம்பு பறக்கும். இது வந்தால் கம்பைக் கீழே வைத்துவிடுவாள். "கோயில் சொத்து, தின்னட்டு" என்பாள். சேவல் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கொத்துக் கொத்தும்.

பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருட்களை ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள், நாங்கள் லேலம் என்போம். ஒரு வீட்டுக்காரன் கொண்டுவந்த சேவலை அதே வீட்டுக்காரன் உயர்த்திக் கேட்டு எடுப்பது பெரிய கௌரவம். மற்றவன் எடுத்துக்கொண்டு போனால் மூக்கறுபட்ட மாதிரி. அந்தக் கௌரவத்தை நினைத்துத்தான் எங்கள் சித்தப்பா கெட்டார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடு இருந்தார். பத்தாம் வகுப்பு வரை படித்தவர், டெரிலின் சட்டைக்காரர், கோயில் பாடகர் குழுவில் டெனர் பாடுகிறவர். கையில் ஒரு கடிகாரம், ஓட்டுவதற்கு ஒரு சைக்கிள். ஊரில் அவர் நடந்து போனதை யாரும் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் போல ஆகவேண்டும் என்று ஆசை. பண்டிகைக்கு முந்தின வாரம், சேவலை எடை போட்டுச் சந்தை விலை தெரிந்துகொண்டால்தான் லேலத்தில் தைரியமாகக் கேட்கலாம் என்று, அதை ஒரு ஓலைக் கடவத்தில் வைத்து, கடவத்தை என் மடியில் வைத்து, என்னைச் சைக்கிளின் பின்னால் ஏற்றித் தக்கலைச் சந்தைக்குக் கொண்டுபோனார். லேலத்துக்குப் போகிற நேர்ச்சைச் சேவலுக்குச் சந்தையில் விலை விசாரிக்கிற புத்தி எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கும் வராது.

கருவாட்டுக் கடைகளுக்கும் மண்பானைக் கடைகளுக்கும் இடையில் ஒரு கூட்டம். நடுவில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன் ஒருவன், முன்னால் பலகை விரித்து, ஒரு நீளமான பித்தளைச் சங்கிலியைப் பலகையில் வளைத்து வளைத்து வைத்தான். ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை என்று எல்லாரையும் பார்க்க வைத்தான். சங்கிலியின் இரண்டு முனையையும் தன் பக்கத்து ஓரத்தில் சேர்த்து, அந்த ஓரத்தை மட்டும் ஒரு சாக்குத் துண்டால் மூடி, அடியில் கையை விட்டுக் கொக்கி மாட்டினேன் என்றான்.

"அண்ணாச்சி, எந்தக் குழியில வேணும்னாலும் விரல வைங்க. நான் சங்கிலிய இழுப்பேன். விரல்ல மாட்டிச்சுன்னா பந்தயம் உங்களுக்கு. வழுகிச்சுன்னா எனக்கு."

சித்தப்பாவுக்கு முன்னால் ஒருவன் வைத்தான், மாட்டியது, சிரித்துக்கொண்டு போனான். இன்னொருவன் வைத்தான், மாட்டியது. அவர்கள் அவனுடைய ஆட்கள் என்று இன்றைக்குச் சொல்லத் தெரிகிறது. சித்தப்பா விரலை வைத்தார். வழுகியது. கையில் இருந்ததெல்லாம் போயிற்று. கடிகாரத்தைக் கழற்றினார். வழுகியது. பிறகு என் மடியைப் பார்த்தார்.

"சித்தப்பா, கோயில் சேவல்" என்றேன்.

"எடுத்துட்டுதான்டே போவோம். எல்லாத்தையும் சேத்து எடுத்துட்டுப் போவோம்."

வழுகியது. சங்கிலிக்காரன் சேவலின் காலை ஒரு கயிற்றால் தன் பெட்டியோடு கட்டினான். வெள்ளைத் துணியைப் பார்த்து, "இது என்ன, காயமா?" என்று அவிழ்த்துப் போட்டான். "அடுத்த சந்தைக்கும் இங்கனதான் இருப்பேன் அண்ணாச்சி. ஆளு வந்தா ஆட்டம். வராட்டி கொழம்பு."

அடுத்த சந்தை பண்டிகைக்கு முந்தின நாள்.

வழியில் சித்தப்பா எனக்கு ஏத்தம்பழ அப்பம் வாங்கித் தரக் கடைக்காரனிடம் கடன் சொன்னார். "மக்கா, மைனிகிட்ட மூச்சு விடப்பிடாது. அண்ணனுக்கு இப்பதான் ஒடம்பு நேராவுது. நேர்ச்ச தப்பிப்போச்சுன்னு அவ கேட்டா, காய்ச்சல் திரும்ப வருமுன்னு நெனச்சே செத்துருவா." அது உண்மை. அம்மா அப்படித்தான். நான் சத்தியம் செய்தேன். வீட்டில், "நம்ம கூட்டுக்காரன் ஒருத்தன் சோளம் போட்டுக் கொழுக்க வைக்கேன்னு சொன்னான் மைனி, விட்டுட்டு வந்திருக்கேன்" என்று சித்தப்பா சொன்னார். அம்மா, "ஒங்களுக்கு உள்ள கரிசனம் ஆருக்கு வரும் தம்பி" என்று அவருக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தாள். மரச்சீனிக் கிழங்கையும் மீனையும் அவர் என் தட்டுக்குத் தள்ளினார்.

நான் அதைத் தின்றேன். ஆனால் என் தலைக்குள் வேறு ஒன்று ஓடியது. சங்கிலி என்பது மூடின எளிய கோடு. விரல் இருப்பது ஒன்று உள்ளே, அல்லது வெளியே. நாலாவது இடம் கிடையாது. உள்ளே இருந்தால் மாட்டும். அப்படியானால் எது உள்ளே என்று பார்த்ததும் தெரிய ஒரு வழி இருக்க வேண்டும்.

மறுநாள் தையல்காரர் மகளிடம் நூல் கேட்டேன்.

"எதுக்குடே நூலு? பட்டமா?"

"உள்ள வெளிய பாக்க."

"கிறுக்கா ஒனக்கு?" என்றாள். ஆனால் ஒரு உருண்டை கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மழைக்கு நனையாத சிமெண்ட் தரையில், நூலின் இரண்டு முனையையும் முடிந்து, சங்கிலிக்காரன் வைத்த மாதிரி வளைத்து வைத்தோம். நான் விரல் வைப்பேன், அவள் இழுப்பாள். மாட்டும், வழுகும், மாட்டும். வழி தேடி நூலின் இடையில் கண்ணை ஓட்டினால் தலை சுற்றும்.

அவள் சில்லு விளையாட்டுக்காரி. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, தரையில் என் விரல் இருந்த இடத்தில் இருந்து நேராக வெளியே நூல்களைத் தாண்டித் தாண்டிக் குதித்தாள். "ஒரு நூல தாண்டினா, வெளிய நின்னவ உள்ள, உள்ள நின்னவ வெளிய. மாறி மாறித்தானே வரும்" என்றாள். 

அவ்வளவுதான் கூட்டாளிகளே. அவள் குதித்தாள், நான் கண்டுபிடித்தேன். விரலில் இருந்து வெளியே பார்த்து நேராக ஒரு கோடு நினைத்துக்கொள்ள வேண்டும். அது எத்தனை நூலை வெட்டுகிறது என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படை வந்தால் உள்ளே. இரட்டைப்படை வந்தால் வெளியே. நூல் எப்படி நெளிந்தாலும் இது பொய்க்காது. அந்த வாரம் முழுக்கச் செய்து பார்த்தோம், ஒரு தரமும் பொய்க்கவில்லை. கண்டுபிடித்தது யார் என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் இன்றுவரை வழக்கு உண்டு.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பினார் என்று சொல்ல மாட்டேன். வேறு வழி இல்லை, சைக்கிள் மட்டும்தான் மிச்சம்.

சந்தையில் அன்றைக்குச் சேறு. சேவல் பெட்டியோடு கட்டியபடி, வாலில் பாதி உதிர்ந்து, நனைந்து நின்றது. சித்தப்பா உடனே விரல் வைக்கப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மத்தவன் ஆடுதத பாத்துட்டு."

நல்ல காலம். ஒரு வாழைக்குலை வியாபாரி விரல் வைத்தார். நான் எண்ணினேன். ஒற்றைப்படை. உள்ளே. கட்டாயம் மாட்டும். சங்கிலிக்காரன் இழுத்தான். வழுகியது.

எண்ணினதில் தப்பு என்று நினைத்தேன். இன்னொருவர் வைத்தார். ஒற்றைப்படை. வழுகியது. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. 

நான் சேற்றில் குத்தவைத்து, பலகையின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனேன். பெரியவர்கள் எல்லாம் மேலே நின்று விரலைப் பார்த்தார்கள். நான் சாக்குத் துண்டைப் பார்த்தேன். அடுத்த ஆட்டத்தில் சங்கிலி ஓடி முடிகிறபோது, சாக்குக்கு அடியில் இருந்து கடைசியாக வந்தது ஒற்றை வால். நூலை நாங்கள் இழுத்தபோது முடிவு எப்போதும் இரட்டையாகத்தான் வரும், ஏனென்றால் முனை இல்லை. இதற்கு முனை இருக்கிறது. சங்கிலிக்காரன் சாக்குக்கு அடியில் கொக்கியை மாட்டவே இல்லை. இது திறந்த வளைகோடு. திறந்த கோட்டுக்கு உள்ளே ஏது, வெளியே ஏது? எங்கே விரல் வைத்தாலும் வழுகும். அவனுடைய ஆள் வருகிறபோது மட்டும் 'டிக்' என்று கொக்கி மாட்டுவான், மூடும்.

சித்தப்பாவின் காதில் சொன்னேன். அவர் கையை முறுக்கிக்கொண்டு கத்தப் போனார். நான் தொடையில் கிள்ளினேன். கத்தினால் அடி விழும், சேவல் வராது. அவனுக்கு அங்கே ஆள் பலம் இருந்தது. எனக்குச் சண்டை வேண்டாம், சேவல் வேண்டும்.

"அண்ணாச்சி, சைக்கிளுக்கு எனக்க சேவல்" என்றேன். "நான் விரல் வைக்கேன். ஆனா மாட்டும்னு பந்தயம் இல்ல. மாட்டாதுன்னு பந்தயம்."

கூட்டம் சிரித்தது. சங்கிலிக்காரன் சிரிக்கவில்லை. என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தான். "மாட்டாதுன்னா?"

"வழுகிச்சுன்னா எனக்கு. மாட்டிச்சுன்னா ஒமக்கு."

"பொடியன் வெவரம் இல்லாமக் கேக்கான். செரி, வை" என்றான். சங்கிலியை வளைத்தான். முன்னை விட அதிகமாக நெளித்தான். சாக்குத் துண்டைப் போட்டான். 'டிக்' என்று கேட்டது. மூடிவிட்டான்.

அதுதான் எனக்கும் வேண்டியது. திறந்து வைத்தால் எங்கே வைத்தாலும் வழுகும். மூடி வைத்தால், வெளியே வைத்த விரல் வழுகும். அவன் எது செய்தாலும் நான் வைக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: இரட்டைப்படை இடம். சாக்கு மூடாத என் பக்கத்து ஓரத்தை நோக்கி எண்ணினேன். பார்த்தால் நடு வயிறு மாதிரி இருக்கிற ஒரு குழி, நான்கு பக்கமும் சங்கிலி சுற்றி நிற்கிறது. நாலு. இன்னொரு தரம் எண்ணினேன். நாலு. விரலை அங்கே ஊன்றினேன்.

"அய்யோ" என்றார் வாழைக்குலை வியாபாரி. "வசமா நடுவுல கொண்டு வச்சிட்டானே."

சங்கிலிக்காரன் இழுத்தான். பித்தளை என் விரலைச் சுற்றிச் சுற்றி, சூடாக உரசிக்கொண்டு ஓடியது. வலித்தது. கடைசியில் இரட்டை வாலாக வந்து, விரலில் மாட்டாமல் போயிற்று.

கூட்டம் குனிந்து என் விரலையே பார்த்தது. சேவல் மட்டும் ஏதோ சொன்னது.

சங்கிலிக்காரன் குனிந்து கயிற்றை அவிழ்த்தான். நல்ல மனிதன் என்று சொல்ல முடியாது, ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். சேவலை என் கையில் கொடுத்து, மெதுவாகக் கேட்டான்: "எத்தனாப்பு படிக்கே?"

"அஞ்சு."

"அதுக்கு மேல படிக்காத ராசா. எங்க பொழப்பு போயிரும்."

அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அவன் சொன்னதற்காக அல்ல. அப்பாவுக்குப் பழைய உடம்பு திரும்பவில்லை, அடுத்த பள்ளிக்கூடத் திறப்புக்கு நான் வேலி வேலைக்காரர்களோடு முள்கம்பிச் சுருளின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதை அதோடு முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து சேவலை இறக்கினோம். அம்மா பார்த்தாள். "இது நம்ம சேவல் இல்ல" என்றாள். சோளம் தின்று கொழுத்த சேவலை எதிர்பார்த்து நின்றவள், காலில் துணி இல்லை, வால் இல்லை, எலும்பு தெரிகிறது என்றால் எப்படி நம்புவாள்? மாற்றிக் கொண்டுவந்துவிட்டீர்கள், நேர்ச்சை போயிற்று என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். அப்பா கட்டிலில் இருந்து எழப் பார்த்தார். சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

சேவல்தான் வழி சொன்னது. முற்றத்தில் உலர்ந்த நெல்லை நேராகப் பார்த்து நடந்துபோய், பாயின் நடுவில் ஏறி நின்று, அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொத்தத் தொடங்கியது. அம்மாவின் கை கம்புக்குப் போனது. பாதியில் நின்றது. "அதுதான்" என்றாள். உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடிக்கும் முன் பால்காரர் வந்தார். "ஒங்க பய இன்னைக்குச் சந்தையில சூதாட்டப் பலகையில இருந்தான், நான் கண்டேன்" என்று பாலோடு சேர்த்து ஊற்றிவிட்டுப் போனார். அம்மா எதற்காக எடுத்த கம்போ, அது என் காலில் விழுந்தது. ஏன் போனாய் என்று கேட்டாள். சத்தியம் செய்திருந்தேன், சொல்லவில்லை. "நேர்ச்சைக்கு மொத நாளு சூதாடப் போனியாடே" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். சித்தப்பா கிணற்றடியில் சைக்கிளின் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய இடத்தையே கழுவினார்.

மறுநாள் பண்டிகை. கோயில் முற்றத்தில் வாழைக்குலை, பூசணி, தேங்காய், முட்டை, கோழி என்று குவிந்து கிடந்தது. உபதேசியார் எங்கள் சேவலைத் தூக்கிப் பிடித்தார். "சேவலு கொஞ்சம் உபவாசம் இருந்த மாதிரி இருக்கு. ஆனாலும் நேர்ச்சச் சேவலு. ஆரு கேக்கிய?" ஊர் சிரித்தது. சித்தப்பாவின் கை எழுந்தது. கடிகாரம் இருந்த இடம் மணிக்கட்டில் வெளுத்த வளையமாகத் தெரிந்தது.

"டெனர் தம்பி கேட்டாச்சு. எவ்வளவு?"

"நான் கேக்கல்ல உபதேசியாரே" என்றார் சித்தப்பா. பாட்டில் உச்சிக்குப் போகிற அந்தக் குரல் அன்றைக்கு அடியில் கிடந்தது. "இந்தச் சேவல நான் சந்தையில தோத்துட்டேன். மைனிகிட்ட பொய் சொன்னேன். மீட்டுக்கொண்டு வந்தது எனக்க அண்ணன் மவன். அவன் சூதாடப் போகல்ல, எனக்க மானத்துக்காகப் போனான். நேத்து அவன் அடி வாங்கும்போ நான் சைக்கிள் கழுவிட்டு நின்னேன். அவ்வளவுதான்."

அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டாள். அப்பா, ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, ஒரு தொகை கேட்டார். அவருக்கு எதிராக ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒரு லேலம் அதற்கு முன் நடந்ததில்லை. போதகர் என் விரலைப் பிடித்துத் தூக்கிச் சபைக்குக் காட்டினார். சங்கிலி உரசிய சிவப்புத் தடம் அதில் இருந்தது. "கர்த்தர் இந்தப் பாலகனுடைய விரலைக் காத்தார்" என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

வீட்டுக்குத் திரும்பினோம். சேவல் இப்போது லேலத்தில் எடுத்த சேவல், எங்களுடையது. அது வழக்கம் போல நெல்லுக்கு நடந்தது, பாயில் ஏறியது, அம்மாவைப் பார்த்தது. அம்மா கம்பை வீசினாள். "போ சவமே. இனி நீ ஆரு எனக்கு?" அந்தச் சேவலின் முகத்தில் தெரிந்த அதிர்ச்சியைப் பார்த்து அப்பா காய்ச்சலுக்குப் பிறகு முதல் தரமாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். அம்மா என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. என் காலில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள், தடவுகிறபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சித்தப்பாவின் கடிகாரம் திரும்பி வரவே இல்லை. வேறு வாங்கவும் இல்லை. யாராவது நேரம் கேட்டால் என்னைக் காட்டி, "அவன்கிட்ட கேளு, கணக்கு அவனுக்குத்தான் தெரியும்" என்பார்.

அவ்வளவு பெருமை செய்தார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். கணக்கு சார் கூடத் தலையில் தட்டி, "அதிர்ஷ்டக்காரன்டே நீ" என்றார். கர்த்தர் காத்தார் என்றார்கள், நேரம் நல்ல நேரம் என்றார்கள், சேவலின் நேர்ச்சை பலித்தது என்றார்கள். ஆனால் கூட்டாளிகளே, ஊரில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கூட, "எப்படிடே தெரிஞ்சுது?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தரையில் வரைந்து காட்டியிருப்பேன். கேட்பார்கள் கேட்பார்கள் என்று அந்த மழைக்காலம் முழுக்கச் சட்டைப்பையில் நூலை வைத்துக்கொண்டு நடந்தேன். பிறகு நூலும் எங்கோ போயிற்று. வேலி போடுகிற இடத்தில், கிணறு உள்ளே வருமா, பலா வெளியே போகுமா என்று ஒரு பார்வையில் சொல்லுவேன். அனுபவம் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"குதிச்சது ஆருன்னு எழுதினியளா?"

"எழுதியிருக்கு. நீயும் ஒரு நாளும் எங்கிட்ட எப்பிடின்னு கேட்டதில்லியே?"

"எனக்குத்தான் தெரியுமே. பின்ன என்னத்துக்குக் கேக்கணும்?" என்று உள்ளே போய்விட்டாள்.

அவளை விடுங்கள். வாத்தியாரே, சாயாவில் ஆடை படர்ந்தது கூடத் தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு, எப்படி வேய் தெரிஞ்சுது என்று கேட்டீர் பாரும். அதைக் கேட்ட முதல் ஆள் நீர்தான். வாயால் சொல்லியிருந்தால் பேங்க்காரர் நடுவில் புகுந்து கலைத்திருப்பார், அதனால்தான் எழுதினேன். புள்ளியில் இருந்து ஓரத்துக்கு நேராகப் போம். எத்தனை கோட்டைத் தாண்டுகிறீர் என்று எண்ணும். அந்தப் பத்திரிகையை நான் கடைக்காரரிடம் கேட்டு எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை பேனாவைக் கொண்டுவாரும்.